ஐயாவுக்கு அர்த்தம் சொன்னவ

நீயே ஜன்னலோரம் உக்காரு தாயி. பஸ்ஸு கெளம்பிக் காத்தடிச்சா எனக்குக் காது குடையும். பையை மடியில வச்சுக்கிறேன், ஒண்ணும் கனமில்ல.

என்ன அப்படிப் பாக்குற? வெள்ளைச் சேலை, கழுத்து மொட்டை, காது மொட்டை. ஐயோ பாவம், வீட்டுக்காரரு தவறிட்டாரு போலன்னுதான நெனைக்கிற? தவறித்தான் போனாக. ஆனா அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. கல்யாணத்தன்னைக்கே எனக்கு இதே வெள்ளைதான். எங்க சபையில தாலி கிடையாது, பூ கிடையாது, குண்டுமணி அளவு நகை கிடையாது. அவுக போன அன்னைக்கு எங்க சொந்தக்காரப் பொம்பளைக வந்து சுத்தி நிக்காளுக, என்னத்தக் கழட்டன்னு தெரியாம. கழட்ட என்ன இருக்கு? ஒரு மாசம் கழிச்சு ரேஷன் கடையில ஒருத்தி கேக்கா, "ஐயா சௌக்கியமா இருக்காகளாம்மா"ன்னு. அவளச் சொல்லிக் குத்தமில்ல. என்னைப் பாத்தா ஒண்ணும் தெரியாதுல்ல. சாவு வீட்டுல வராத அழுகை எனக்கு அந்த ரேஷன் கியூவுல வந்துச்சு.

வெண்கலக்கதவு ஜெபவீடு கேள்விப்பட்டிருக்கியா? இல்லையா? கோவில்பட்டிப் பக்கம் கதவுக்காரங்கன்னு கேட்டாச் சின்னப்பிள்ளை கூடச் சொல்லும். அந்தச் சபையை உண்டாக்குனதே எங்க வீட்டுல அவுகதான். ஞானசிகாமணி ஐயா. தீர்க்கதரிசின்னு சொல்லுவாக. போஸ்டர்ல பேருக்கு முன்னால போடுவாக. நான் சுகிர்தம். எம்பேரு போஸ்டர்ல வராது. ஆனா அவுக பேசுனதுக்கெல்லாம் அர்த்தம் சொன்னவ நான்தான்.

அர்த்தம்னா உனக்கு எப்படி வெளங்க வைக்கிறது? ஆவி எறங்குச்சுன்னா அவுக வாயில ஒரு பாஷை வரும். தமிழுமில்ல, தெலுங்குமில்ல, லோகத்துல எவனும் பேசாத பாஷை. பேசுறவுகளுக்கே என்ன பேசுறோம்னு தெரியாது. பக்கத்துல ஒரு ஆளுக்கு அதோட அர்த்தம் கெடைக்கும். அது வேற வரம். அவுகளுக்கு அந்த வரம், எனக்கு இந்த வரம். ரெண்டும் சேந்தாத்தான் ஊழியம்.

மொதல்ல எங்க நடந்துச்சுங்குற? தீப்பெட்டி ஆபீஸ்ல. அவுகளுக்குக் குச்சிக்கு மருந்து முக்குற வேலை, நான் பெட்டி ஒட்டுறவ. ஒரு நாள் மருந்து ரூம்ல புஸ்ஸுன்னு தீ பிடிச்சுருச்சு. எல்லாரும் வெளிய ஓடியாந்துட்டோம், இவுக மட்டும் உள்ள. கதவு வேற அடைச்சுக்கிருச்சு. செத்தாரு மனுசன்னுதான் நெனைச்சோம். கதவு பிச்சுக்கிட்டு விழுந்துச்சு பாரு, புருவம் கருகுனது தவிர ஒரு காயமில்லாம நடந்து வாராக! வந்து நின்னு வாயைத் தொறந்தா அந்தப் பாஷை. கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு தலையில தண்ணிய மோந்து ஊத்துறானுக. எனக்கு மட்டும் நெஞ்சுக்குள்ள தமிழ்ல ஓடுது. "வெண்கலக் கதவையும் உடைச்சு உன்னை வெளிய கொண்டுவந்தேன், இனி நீ என் ஆளு." சத்தமாச் சொல்லிட்டேன். தண்ணி ஊத்துனவனுக செம்பைக் கீழ வச்சுட்டானுக. அன்னைக்குத்தான் அவுக என்னை முழுசா நிமிர்ந்து பாத்தாக.

அப்புறம் தெளிஞ்சு உக்காந்து என்கிட்ட கேக்காக, "நான் அதையா சொன்னேன்?"

"ஆமா."

"எனக்கு ஞாபகமே இல்லியே."

"உங்களுக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? அது உங்க பேச்சில்லையே"ன்னேன். சரின்னுட்டாக. அந்த வருசமே கல்யாணம்.

அவுக சுபாவத்துல பேசவே மாட்டாக தாயி. கடையில போய் உப்பு கேக்கணும்னாலும் என்னைத்தான் அனுப்புவாக. கூச்சம். நாலு பேரு நின்னா வேட்டி நுனியப் பிடிச்சுத் திருகிக்கிட்டே இருப்பாக. அப்பேர்ப்பட்ட மனுசனை மேடையில ஏத்தி நிறுத்தி, சாத்தூரு, எட்டயபுரம், கழுகுமலைன்னு ஜனம் தேடி வர வச்சது யாரு? கர்த்தருதான். நான் கூட நின்னேன், அவ்வளவுதான். கூரைக் கொட்டகையா இருந்தது, சிமெண்டுச் சீட்டு போட்டோம், அப்புறம் காங்கிரீட்டுத் தார்சே போட்டாச்சு. கிணறு வெட்ட எடம் கேப்பாக, அவுக பாஷையில பேசுவாக, நான் வடக்கு மூலைன்னு சொல்லுவேன், குபுகுபுன்னு தண்ணி வரும். ரெண்டு மூணு எடத்துல வரல. அது வெட்டுனவங்களோட விசுவாசக் குறைச்சல்.

ஒவ்வொரு ஆராதனை முடிஞ்சும் வீட்டுக்கு வந்து கஞ்சி குடிக்கும்போது கேப்பாக. "ஏளா, இன்னைக்கு நான் என்ன சொன்னேன்?" நான் சொல்லுவேன். "ஓ, அப்படியா"ன்னு தலையாட்டிக்கிட்டே குடிப்பாக. அப்படி ஒரு புருசன் எவளுக்குக் கெடைப்பான்? ஒரு நாள் கூட இல்ல, அப்படிச் சொல்லலன்னு சொன்னதில்ல.

எங்களுக்கு மூத்தது பையன். நடக்க ஆரம்பிச்ச வயசு. காய்ச்சல்னு பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். ஊசி போட்டாக. எம்மடியிலயே கெடந்தான், விடியக்காலம் பாத்தா ஆளு இல்ல. காய்ச்சல்ல போனானோ ஊசில போனானோ, எவன் சொன்னான்? ஒருத்தனும் சொல்லல. போர்வையைச் சுத்திக் கையில குடுத்துட்டானுக. அந்த ஞாயித்துக்கெழமை அவுக மேடையில நின்னு பேசுன பாஷை இருக்கே, அழுதுக்கிட்டே, தரையில கையை அடிச்சு அடிச்சு. எனக்கு அர்த்தம் நெருப்பாட்டம் வந்துச்சு. "மருந்துக்குப்பி என் வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது. என்னை நம்புறவன் ஆஸ்பத்திரி வாசப்படியை மிதிக்கக்கூடாது." அன்னையிலருந்து எங்க சபையில ஒரு தைலம் கிடையாது, ஒரு மாத்திரை கிடையாது. ஜெபம் மட்டுந்தான். அன்னைக்கு ராத்திரி கஞ்சி குடிக்கையில அவுக என்ன சொன்னேன்னு கேக்கவேயில்ல.

அடுத்துப் பெறந்தவதான் பியூலா. மதுரையில நர்ஸா இருக்கா. ஆமா தாயி, எம்மவதான். கதவுக்காரங்க வீட்டுல நர்ஸு! எனக்கு வந்து வாய்ச்சதப் பாத்தியா. சின்னதுலயே ஆட்டுக்குட்டிக்குக் கால் பிசகுனாக் குச்சி வச்சுத் துணியச் சுத்திக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பா. அப்பவே ரெண்டு போட்டுக் கண்டிச்சிருக்கணும். அவுகதான், "விடுளா, ஆடு நடக்குதுல்ல"ன்னு சிரிப்பாக. பன்னெண்டாப்பு முடிச்சதும் ஒரு நாள் காலையில ஆளக் காணோம். நர்ஸிங் படிக்கப் போயிட்டா. எவன் அவளுக்கு வழி காமிச்சான், எவன் பஸ் ஏத்திவிட்டான், இன்னைக்கு வரைக்கும் தெரியல. விசாரிக்காத ஆளில்ல. அவுகளைக் கேப்போம்னா அன்னைக்குன்னு பாத்து ஜெபத்துக்கே நேரங்கழிச்சு வாராக. செருப்பெல்லாம் பஸ்டாண்டுச் சேறு. எங்க போனீகன்னு கேட்டா, "சும்மா நடந்துட்டு வந்தேன்"ங்காக. ஒரு வெவரமும் தெரியாத மனுசன்.

அந்த வாரம் ஆராதனையில அவுகளுக்கு ஆவி எறங்குச்சு. மெதுவா, மெதுவாப் பேசுனாக, கெஞ்சுற மாதிரி. பிள்ளைய நெனைச்சுத்தான்னு சபைக்கே தெரிஞ்சிருச்சு. எல்லாரும் எம்மொகத்தைப் பாக்காக. பெத்தவளாச்சே, என்ன சொல்லப்போறான்னு. எனக்கு வந்ததை நான் சொன்னேன். "எகிப்துக்குப் போனவளைச் சபையிலருந்து அறுத்துப் போடு. அவ இந்தக் கதவைத் தாண்டி உள்ள வரக்கூடாது." எகிப்துன்னா எங்களுக்குக் கர்த்தரை விட்ட லோகம். நான் பெத்தவதான். ஆனாலும் சொன்னேன் பாரு. அடுத்தவன் பிள்ளைக்கு ஒண்ணு, எம்பிள்ளைக்கு ஒண்ணுன்னு சொன்னா அது ஊழியமா?

வீட்டுக்கு வந்தோம். கஞ்சிய எடுத்து வச்சேன். "நான் என்ன சொன்னேன்?"னாக. சொன்னேன். கஞ்சிக் கும்பாவைத் தள்ளி வச்சுட்டு, "அப்படியா சொன்னேன், சுகிர்தம்?"னாக. பேரு சொல்லிக் கூப்பிட்டாக, எப்பவும் ஏளாதான். "அப்படித்தான் சொன்னீக"ன்னேன். எந்திரிச்சுப் போய்க் கையைக் கழுவிட்டுப் படுத்துட்டாக.

அதோட அவுக பாஷை நின்னு போச்சு தாயி. வருசக்கணக்கா. மேடையில ஏறுவாக, கண்ணை மூடி நிப்பாக, ஒண்ணும் வராது. ஜனம் கொறைய ஆரம்பிச்சுச்சு. மூப்பர் அருமைநாயகம்னு ஒருத்தரு, சபைக் காரியத்தை அவருதான் பாக்குறது, என்கிட்ட வந்து சாடையாச் சொல்லுவாரு. "அம்மா, ஐயா கிட்ட ஆவியோட அபிஷேகம் விலகிட்டாப்ல ஜனம் பேசுது." நானும் உபவாசம் கெடந்து முழங்காலு ரெண்டும் காய்ச்சுப் போனதுதான் மிச்சம். பாஷையில்லாம எனக்கு அங்க என்ன வேலை? சும்மா பக்கத்துல நின்னேன்.

போன வருசம் இதே மாசம், ஞாயித்துக்கெழமைக் காலை ஆராதனை. பாட்டு முடிஞ்சு அவுக நிக்காக. திடீர்னு வலது கை தொப்புன்னு தொங்கிருச்சு. வாய் ஒரு பக்கமா இழுத்துச்சு. வந்துச்சு பாரு பாஷை! இதுவரைக்கும் கேக்காத பாஷை. குழறிக்கிட்டு, நாக்கு தடிச்சுக்கிட்டு, புதுசா. ஐயோ, சபை என்னா கதறு கதறுச்சு! "அபிஷேகம் திரும்பிருச்சு, ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்"னு ஆம்பளை பொம்பளையெல்லாம் துள்ளுறாக. அவுக கீழ சரிஞ்சாக, நாங்க தாங்கிப் பிடிச்சோம். எனக்கு அர்த்தம் மடை தொறந்தாப்ல வருது. சொல்லுறேன், சொல்லுறேன், தொண்டை கட்டுற வரைக்கும் சொல்லுறேன். எஞ்சீவியத்துல அவ்வளவு சந்தோசமா நான் இருந்ததில்ல தாயி. அதை மறைக்க மாட்டேன்.

நீ ஏன் மொகத்தை அப்படி வச்சிருக்க? பஸ் ஒத்துக்கலியா? தண்ணி குடி.

சபைக்குப் பின்னாலயே எங்க ரூம்பு. அங்க கட்டில்ல கெடத்துனோம். சனம் வரிசை கட்டி வருது. அவுக வாய் ஓயல. எடது கையை நீட்டி ரோட்டுப் பக்கம் காட்டிக் காட்டிப் பேசுவாக. மதுரை ரோடு அது. "வடக்கே ஊழியம் தொறக்குதுன்னு சொல்றாக"ன்னு நான் அர்த்தம் சொன்னேன். அவுக எம்மொகத்தைப் பாத்தாக. திரும்பவும் அதையே காட்டுனாக. கட்டில் சட்டத்துல கையால டொக்கு டொக்குன்னு அடிச்சாக. கண்ணுல தண்ணியா ஊத்துது. ஜனத்து மேல அவ்வளவு பாரம் அவுகளுக்கு. ஒருத்தரும் ஒரு வார்த்தையை விட்றக்கூடாதுன்னு போன்ல பதிஞ்சு வச்சாக.

ஒரு நாள் நான் அர்த்தம் சொல்லிக்கிட்டிருக்கையில அவுக தலையை ஆட்டுனாக. இல்ல, இல்லங்குற மாதிரி. ரூம்பு நெறைய ஆளு. மூப்பரு என்னைப் பாக்காரு. நான் அவுக போர்வையை இழுத்துச் சரி பண்ணுனேன். அப்புறம் வெளங்கிருச்சு. "சாத்தானைப் பாத்துத் தலையாட்டுறாக, அவன் ரூம்புக்குள்ள நிக்கான், எல்லாரும் ஜெபம் பண்ணுங்க"ன்னேன். ரூம்பு அதிரும்படியா ஜெபம் பண்ணுனோம். அதுக்கப்புறம் அவுக வாயை மூடிட்டாக. தண்ணி குடுத்தாக்கூட வாயைத் தொறக்கல. என்னைப் பாக்கல, செவுத்தைப் பாத்தே கெடந்தாக. அப்படியே போயிட்டாக.

பியூலாவுக்கு எவளோ ஒரு விசுவாசி திருட்டுத்தனமாச் சொல்லி விட்டிருக்கா. அவ வந்து சேரும்போது பெட்டியை மூடியாச்சு. அறுத்துப் போட்டவ வாசலைத் தாண்டக்கூடாதுல்ல, கேட்டுக்கு வெளியவே நின்னா. கம்பியப் பிடிச்சுக்கிட்டு என்னைக் கேக்கா. "அம்மா, அப்பாவுக்கு வாய் கோணுச்சா? ஒரு பக்கம் கை கால் விழுந்துச்சா?" அவளுக்கு எவன் சொன்னானோ. "அபிஷேகத்தைச் சரீரம் தாங்கல"ன்னேன். "அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்திருந்தா அப்பா பொழைச்சிருப்பாரும்மா"ன்னு தலையைக் கம்பியில முட்டுறா. நெத்தி செவந்து போச்சு. எனக்கு ஓடிப்போய்ப் பிடிக்கணும் போல இருந்துச்சு. மூப்பரு பக்கத்துல நிக்காரு, சபை பூரா நிக்குது. நான் எப்படிப் போவேன், சொல்லு.

இப்ப என்ன பிரச்சனைங்குற? வர்ற ஞாயித்துக்கெழமை வருச நினைவு ஆராதனை. போன்ல பதிஞ்சதுல கடைசியா ஒண்ணு இருக்கு, அவுக வாயை மூடுறதுக்கு முந்தி பேசுனது. அதுக்கு மட்டும் எனக்கு அர்த்தம் வரல. தீப்பெட்டி ஆபீஸ்லருந்து இன்னைக்கு வரைக்கும் வராம இருந்ததில்ல. உபவாசம் கெடந்து கேக்கேன், முழங்கால்ல நின்னு கேக்கேன், கண்ணை மூடுனா அந்தச் சத்தந்தான் கேக்குது, தமிழ் வரமாட்டேங்குது. மூப்பரோட மருமக தனக்கு அர்த்தம் வருதுங்கா. நேத்து ஞானஸ்நானம் எடுத்தவ! அந்த ஞாயித்துக்கெழமை நான் வாயைத் தொறக்கலன்னா மேடையில நான் உக்காருற பலகையில அவதான் உக்காருவா. அவுக பக்கத்துல இருந்த எடம் தாயி அது. எனக்கு வேற என்ன இருக்கு?

இந்த நேரத்துல பியூலா போன் பண்ணுறா. யாரோ அந்தப் பதிவை அவளுக்கு அனுப்பியிருக்காக. சொல்றா, "அம்மா, அது பாஷையில்லம்மா. தமிழுதான். பக்கவாதம் வந்தவுக பேச்சு அப்படித்தான் இருக்கும், நான் டெய்லி கேக்கேன். அப்பா என் பேரைச் சொல்லிக் கூப்பிடுறாரு. பிள்ளையக் கூப்பிடு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கறாரு. உனக்கு நெசமாவே கேக்கலியா?" எனக்கு வந்த ஆங்காரத்துக்கு அளவேயில்ல. அர்த்தம் சொல்ற வரம் எனக்கா, அவளுக்கா? வச்சுரலாம்னு பாத்தேன். அப்புறம் அழுதுக்கிட்டே, "நான் சண்டை போடலம்மா. ஒரே ஒரு தடவை வா. ரெண்டு பேரும் பக்கத்துல உக்காந்து கேப்போம். அப்புறம் நீ என்ன சொன்னாலும் சரி"ன்னா. அம்மா வான்னு கூப்பிட்டு எத்தனை காலமாச்சு. அதான் மூப்பருக்குச் சொல்லாமக் கெளம்பிட்டேன். ஏத்துக்கிறதுக்கில்ல, சும்மா என்னதான் சொல்றான்னு கேப்போம்னு. பிள்ளை மொகத்தையும் பாத்தாப்ல இருக்கும்.

நீ ஒண்ணு செய்யி தாயி. நீ வெளியாளு, உனக்கு எங்க சபையும் தெரியாது, அவுகளையும் தெரியாது. இதை ஒரு தடவை கேளு. காதுல மாட்டிக்கோ, பஸ் எரைச்சல்ல வெளிய கேக்காது. இந்தா, இதை அமுக்கணும்.

கேக்குதா?

ஆமா, அந்தா டொக்கு டொக்குன்னுது கட்டில்தான். இனிமேத்தான் வரும், கேளு.

என்ன தாயி? ஏன் அழுவுற? ஏ, இங்க பாரு, ஏன் இப்படித் தேம்பித் தேம்பி அழுவுற? நான் உனக்கு யாரு, அவுக உனக்கு யாரு? இரு, இரு, எதுவும் சொல்லாத. வாயைத் தொறக்காத. என்னத்தையோ சொல்ல வாரல்ல, சொல்லாத, ஒன்னையக் கையெடுத்துக் கும்பிடுறேன். அழு, அழுதுட்டுப் போ. சொல்லாத.

ஸ்தோத்திரம். ஸ்தோத்திரம்.

வந்துருச்சு. எனக்கு அர்த்தம் வந்துருச்சு தாயி! ஒன் கண்ணீரைப் பாத்ததும் வந்துருச்சு. "என்னை அறியாத ஜனமும் என் சத்தத்தைக் கேட்டு அழும்." அதான் அவுக கடைசியாச் சொன்னது. பிற ஜனத்துக்குக் கதவு தொறக்குதுன்னு. எவ்வளவு பெரிய சங்கதி பாரேன், இவ்வளவு நாளா எனக்கு வராம இருந்தது! இல்ல தாயி, நீ குறுக்க பேசாத. அவுக என்ன சொன்னாகன்னு எனக்குத் தெரியாதா? நான்தான எப்பவும் சொன்னேன்.

கண்டக்டரே, ஏம்ப்பா, இது எந்த ஊரு? திருமங்கலமா? நிப்பாட்டு, நான் எறங்கிக்கிறேன். மதுரைக்குத்தான் டிக்கெட்டு எடுத்தேன், இருக்கட்டும், அதான் கெடைச்சுருச்சே. இப்பத் திரும்புனா சாயங்கால ஜெபத்துக்குப் போயிரலாம், மூப்பருக்கே தெரியாது.

நீ கையை விடு தாயி. பியூலா பஸ்டாண்டுல நிப்பாதான். காலையிலருந்தே வந்து நிக்கேன்னா. நின்னுட்டுப் போயிருவா, வளர்ந்த பிள்ளைதான. அவளுக்கு அப்புறமாச் சொல்லிக்கிறேன்.

இந்தா, இந்தப் பைய நீயே வச்சுக்கோ. கடலைமிட்டாயிதான், அவளுக்குன்னு வாங்குனது. உம்பிள்ளைகளுக்குக் குடு.